ஒரு குறியும் பல செய்கைகளும்: செய்நிரல் மொழிகளிலே குறிச்சுமையேற்றம் பற்றிய ஒரு நோக்கு

1

இலங்கைப் பாடசாலையொன்றிற் கணிதம் பயிலும் மாணவன் 'வர்க்கம்' என்னும் சொல்லைக் கேட்குமிடத்து, ஓர் எண்ணை அதே எண்ணாற் பெருக்கி வரும் பெறுமானத்தை நினைக்கின்றான். இலக்கண பாடத்திலே 'ககர வர்க்கம்' என ஆசிரியர் கூறும்பொழுது எழுத்து வரிசையொன்றை நினைக்கின்றான். அவனே பின்னர் சமூகவியல் விரிவுரையொன்றில் இச்சொல்லைக் கேட்கும்போது, உற்பத்திச் சாதனங்களோடு மக்கட்பிரிவினர் கொண்டுள்ள உறவினை நினைக்கின்றான். இம்மூன்று பொருள்களும் அவன் மனத்திலே ஒன்றோடொன்று மோதுவதில்லை. சொல் வழங்கும் இடமே அதன் பொருளைத் தீர்மானித்துவிடுகின்றது.

இவ்வியல்பினைத் தமிழிலக்கண ஆசிரியர்கள் நெடுங்காலத்துக்கு முன்னரே ஆராய்ந்துள்ளனர். தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக் கிளவியாக்கம், பலபொருள் ஒருசொல்லை இரு வகைப்படுத்துகின்றது. வினையினால் வேறுபடுவது ஒன்று. வினையினால் வேறுபடாதது மற்றொன்று. உரைமரபிலே வழங்கும் 'மா' என்னும் சொல் மரத்தையும் விலங்கையும் வண்டையும் குறிக்கும். 'மா பூத்தது' என்றால் மரமென்பது தெளிவு. 'மா வீழ்ந்தது' என்றால் தெளிவில்லை, மூன்றும் வீழக்கூடியன. முதல் வகையின் பொருள் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் துணியப்படும். இரண்டாம் வகையினைப் பேசுவோன் வெளிப்படக் கிளந்து கூறவேண்டும்.

தொல்காப்பியத்திலே கணனி விஞ்ஞானம் அடங்கியிருந்தது என்று நிறுவுவதற்காக இதனை நாம் எடுத்துக்காட்டவில்லை. அத்தகைய பழம்பெருமைப் பேச்சினால் தொல்காப்பியத்துக்கும் பயனில்லை; கணனிக்கும் பயனில்லை. ஒரு குறி பல பொருள்களைச் சுமக்கும்பொழுது எழும் பிரச்சினை எம்மனோர்க்குப் புதிதன்று என்பதே எமது கருத்து. கணனிச் செய்நிரல் மொழிகளிலே இதே பிரச்சினை 'ஒப்பரேற்றர் ஓவர்லோடிங்' என்னும் பெயரோடு சுமார் நாற்பது ஆண்டுகளாக விவாதிக்கப்பட்டு வருகின்றது. கூட்டல், பெருக்கல், சமன் முதலிய செய்கைக்குறிகளுக்குச் செய்நிரலாளர் தாமே புதுப்பொருள் வகுத்துக்கொள்வதே இதன் சாரம். நாம் இதனைக் குறிச்சுமையேற்றம் என வழங்குவோம். கணனித் துறை சாராத வாசகர்க்கு இதனை விளக்குவதும், விவாதத்தின் அடியிலுள்ள சமூகப் பிரச்சினையை இனங்காண்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

2

கூட்டற்குறி தொடக்கத்திலிருந்தே சுமையேறிய குறிதான் என்பதை முதலில் மனங்கொள்ளல் வேண்டும். 1957இல் ஜோன் பாக்கஸ் தலைமையிலான குழுவினர் ஐ.பி.எம். நிறுவனத்தின் 704 கணனிக்காக ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டனர். அக்கணனியிலே நிறைவெண்களைக் கூட்டுவதற்கு ஒரு கட்டளையும், தசமப்புள்ளி கொண்ட மிதவை எண்களைக் கூட்டுவதற்கு வேறொரு கட்டளையும் இருந்தன. இரண்டும் பொறியின் வெவ்வேறு செயல்கள். ஆயினும் ஃபோர்ட்ரான் மொழியில் எழுதுவோர்க்கு இரண்டிற்கும் '+' என்னும் ஒரே குறியே வழங்கப்பட்டது. எந்தக் கட்டளையை இடவேண்டும் என்பதை, செய்நிரலைப் பொறிமொழிக்குப் பெயர்க்கும் தொகுப்பான் தீர்மானித்தது. அது தீர்மானித்த வழி சுவையானது. குறிப்பிட்ட ஆறு ஆங்கில எழுத்துக்களுள் ஒன்றிலே பெயர் தொடங்கினால் அது நிறைவெண். ஏனைய எழுத்துக்களிலே தொடங்கினால் மிதவை எண். இனத்தைக் கொண்டு பொருளைத் துணிதல் என இலக்கண ஆசிரியர் கூறுவதனைப் பொறி தன் வழியிற் செய்தது எனலாம்.

இவ்வியல்பினைக் கோட்பாட்டு நிலையில் வகைப்படுத்தியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த கிறிஸ்தோபர் ஸ்ட்ரேச்சி. 1967இல் கோப்பன்ஹேகனில் அவர் நிகழ்த்திய விரிவுரைகளிலே, ஒரு பெயர் பலவகைத் தரவுகளின்மீது தொழிற்படும் முறை இரண்டெனக் கூறினார். தரவு எவ்வகையினதாயினும் ஒரே வழிமுறை பொருந்துவது ஒரு முறை. ஒரு பட்டியலிலே எத்தனை உறுப்புக்கள் உள்ளன என்று எண்ணுவது இத்தகையது. உறுப்பு எதுவாயினும் எண்ணும் வழி மாறாது. மற்றைய முறையிலே பெயர் மாத்திரமே பொது. உள்ளே நிகழும் வேலை வகைக்கு வகை வேறு. கூட்டற்குறி இவ்விரண்டாம் முறைக்குரியது.

இப்பாகுபாடு முக்கியமானது. பெயரின் ஒருமை செய்கையின் ஒருமைக்குச் சான்றாகாது என்பதை அது உணர்த்துகின்றது. ஃபோர்ட்ரான் காலத்திலே குறிக்குப் பல பொருள் வகுக்கும் உரிமை மொழியை ஆக்கியவர்களிடமே இருந்தது. அவ்வுரிமையைச் சாதாரணச் செய்நிரலாளருக்கும் வழங்கலாமா என்பதே பிற்கால விவாதமாயிற்று. 1968இல் வரையறுக்கப்பட்ட அல்கோல் 68 மொழி தாராளமாகவே வழங்கிற்று. அம்மொழியிலே புதிய குறிகளை ஆக்கவும், அவற்றுள் எது முந்தித் தொழிற்படவேண்டும் என விதிக்கவும் இயலும்.

3

குறிச்சுமையேற்றம் பரவலானது 'வகுப்பு' என்னும் அமைப்புத் தோன்றிய பின்னரேயாகும். ஆங்கிலத்திலே இதற்கும் சமூக வர்க்கத்துக்கும் ஒரே சொல் வழங்குகின்றது. தமிழிலே இதனை வகுப்பு எனக் கொண்டமையால், ஏற்கெனவே மூன்று சுமை தாங்கும் 'வர்க்கம்' நான்காவதினின்றும் தப்பிற்று.

வகுப்பு என்னும் கருத்தை நோர்வே நாட்டுக் கணிப்பீட்டு நிலையத்திலே பணியாற்றிய ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நிகோர்ட் ஆகிய இருவரும் சிமுலா 67 மொழியின் வாயிலாக அறிமுகப்படுத்தினர். இவர்களுள் நிகோர்ட் 1970களின் முற்பகுதியில் நோர்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்துடன் இணைந்து, தொழிற்சாலைகளிற் புகும் கணனிமுறைகளைத் தொழிலாளர்கள் தாமே விளங்கி அவை பற்றிப் பேரம்பேசும் வலிமை பெறுவதற்கான ஆய்வினை மேற்கொண்டவர். இன்று பெருநிறுவனங்களின் உடைமைபோற் காட்சிதரும் ஒரு தொழில்நுட்பத்தின் பிறப்பிடத்திலே இத்தகையதொரு மனிதரும் நின்றார் என்பது மறக்கற்பாலதன்று.

வகுப்பு என்பது யாது? பின்னம் என்னும் எண்வகையை எடுத்துக்கொள்வோம். கணனிப் பொறி இயல்பாகப் பின்னத்தை அறியாது. நிறைவெண்ணையும் மிதவை எண்ணையுமே அறியும். செய்நிரலாளர் 'பின்னம்' என்னும் வகுப்பொன்றை வரையறுக்கின்றார். ஒவ்வொரு பின்னமும் தொகுதி, பகுதி என இரு நிறைவெண்களைக் கொண்டது, பகுதி பூச்சியமாகாது, இரு பின்னங்களைக் கூட்டும் விதி இன்னது என்றவாறு அவ்வரையறை அமையும். இதன்படி உருவாகும் ½, ⅓ முதலிய ஒவ்வொன்றும் அவ்வகுப்பைச் சேர்ந்த ஒரு 'பொருள்' ஆகும்.

இனி, அ, ஆ என்னும் இரு பின்னங்களைக் கூட்டவேண்டும். குறிச்சுமையேற்றத்துக்கு இடந்தராத மொழியிலே 'அ.கூட்டு(ஆ)' என்றவாறு எழுதவேண்டும். இடந்தரும் மொழியிலே 'அ + ஆ' என்றே எழுதலாம். தொகுப்பான் குறியின் இருமருங்கும் நோக்கும். இரண்டும் பின்னங்கள் எனக் காணும். பின்ன வகுப்பிலே '+' குறிக்கென வகுக்கப்பட்ட விதியை அழைக்கும். ½ + ⅓ என்பதற்கு ⅚ என்னும் விடை கிடைக்கும்.

சிறிய வசதிதானே எனத் தோன்றலாம். ஆனால் கணக்குச் சற்று நீளுமிடத்து வேறுபாடு புலனாகும். 'அ × ஆ + இ × ஈ' என்பதனைக் 'கூட்டு(பெருக்கு(அ, ஆ), பெருக்கு(இ, ஈ))' என எழுதவேண்டிய ஒருவர், பல நூற்றாண்டுகளாகக் கணிதம் ஈட்டிய குறியீட்டு வளத்தைக் கைவிட்டவராகிறார். சிக்கலெண், காவி, தாயம் முதலியவற்றோடு நாள்தோறும் பழகும் பௌதிகவியலாளர்க்கும் பொறியியலாளர்க்கும் இது பேரிழப்பாகும். பிழைகளும் இத்தகைய அடைப்புக்குறிக் காட்டுக்குள்ளேயே மறைந்துகொள்கின்றன.

டென்மார்க்கைச் சேர்ந்த பியானே ஸ்ட்ரௌஸ்ட்ரப், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1979இல் தொடங்கிய பணியின் விளைவாகிய சி++ மொழி, இவ்வசதியைப் பரந்த அளவில் தொழிற்றுறைக்குக் கொண்டுவந்தது. அம்மொழி 1985இல் வணிகரீதியாக வெளியிடப்பட்டது. அது உரிமையோடு சில தடைகளையும் விதித்தது. அல்கோல் 68 போலப் புதிய குறிகளை ஆக்க இயலாது. பெருக்கல் கூட்டலுக்கு முந்தும் என்னும் வரிசையை மாற்ற இயலாது. இரு நிறைவெண்களுக்கிடையிலுள்ள '+' குறியின் பொருளைத் தொட இயலாது; இருமருங்கில் ஒன்றேனும் செய்நிரலாளர் வகுத்த வகையாக இருத்தல் வேண்டும். பழைய வழக்கின்மேற் புதிய வழக்கைச் சேர்க்கலாம். பழைய வழக்கை அழித்தலாகாது என்பதே இத்தடைகளின் உட்கிடை.

வரிசையைப் பேணுவது எத்துணை முக்கியம் என்பதை ஸ்மோல்டோக் மொழி காட்டுகின்றது. 1970களில் செரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ட்டோ ஆய்வு நிலையத்தில் அலன் கே முதலியோர் உருவாக்கிய அம்மொழியிலே, '3 + 4' என்பது 3 என்னும் பொருளுக்கு 4ஐ இணைத்து அனுப்பப்படும் செய்தியாகும். இருபுறக் குறிகள் யாவும் சமமான செய்திகளே. எனவே '3 + 4 * 2' இடமிருந்து வலமாகக் கணிக்கப்பட்டு 14 என்னும் விடையைத் தரும். பாடசாலையிலே 11 எனக் கற்ற எவர்க்கும் இது அதிர்ச்சியே. அம்மொழியின் உள்ளமைதி குறைவற்றது. ஆயினும் குறியானது மொழிக்கு வெளியே, சமூகத்திலே, ஏற்கெனவே ஒரு வாழ்வு வாழ்ந்துகொண்டிருக்கின்றது.

4

இங்குதான் பிரச்சினையின் மையத்தை அடைகிறோம். '+' என்னும் குறியை எவரும் வெறுமையாகப் பெற்றுக்கொள்வதில்லை. அது சில விதிகளின் நினைவைச் சுமந்து வருகின்றது. அ + ஆ என்பதும் ஆ + அ என்பதும் ஒன்றே என எதிர்பார்க்கிறோம். கூட்டுவதனால் அ, ஆ என்பன மாறமாட்டா என எதிர்பார்க்கிறோம். குறியின் உருவத்தை எடுத்துக்கொண்டு இவ்விதிகளைக் கைவிடும்பொழுது வாசிப்பவன் ஏமாற்றப்படுகின்றான்.

எழுத்துச்சரங்களை ஒட்டுவதற்கு '+' குறியைப் பயன்படுத்தும் வழக்கினை முதலில் நோக்குவோம். ஜாவா மொழியிலே '1 + 2 + "பக்கம்"' என எழுதினால் '3பக்கம்' என வரும். '"பக்கம்" + 1 + 2' என எழுதினால் 'பக்கம்12' என வரும். முதலாவதில் எண்கள் கூட்டப்பட்டன. இரண்டாவதில் எழுத்துக்களாக ஒட்டப்பட்டன. ஒரே வரியிலே ஒரே குறி இரு சட்டங்களுக்குக் கட்டுப்படுகின்றது.

இதனினும் பாரதூரமான எடுத்துக்காட்டு, சி++ மொழியின் 1998ஆம் ஆண்டு நியமத்திலே இடம்பெற்ற 'ஓட்டோ பொயின்டர்' என்னும் வகுப்பு. கணனி நினைவகத்தின் ஒரு துண்டைப் பயன்படுத்தியபின் அதனை விடுவிக்கும் பொறுப்பு யாருடையது என்பதைக் காப்பதே அதன் வேலை. அப்பொறுப்பு 'உடைமை' என்றே அத்துறையில் வழங்கப்படுகின்றது. சாதாரணமாக 'ஆ = அ' என எழுதினால் அவிலுள்ளது ஆவிலே பிரதிசெய்யப்படும்; அ முன்போலவே இருக்கும். இவ்வகுப்பிலோ, அதே வரி அவின் உடைமையைப் பறித்து ஆவுக்குக் கொடுத்து, அவை வெறுமையாக்கிவிடும். வரியை வாசிப்பவன் சமத்துவத்தைக் காண்கின்றான். நிகழ்ந்ததோ உடைமைப் பறிப்பு. வரிசைப்படுத்தல் போன்ற வேலைகளிலே, பொருள்களைப் பிரதிசெய்வதாக நம்பிச் செய்நிரல் இயங்க, உள்ளே அவை வெறுமையாகிக்கொண்டிருக்க இடமுண்டாயிற்று. 2011ஆம் ஆண்டு நியமம் இவ்வகுப்பினைக் கைவிடத்தக்கதென அறிவித்து வேறொன்றை வைத்தது; 2017இல் அது நீக்கப்பட்டது. புதிய வகுப்பிலே உடைமையை மாற்ற விரும்புபவர் 'நகர்த்து' என்னும் பொருள்தரும் சொல்லால் அதனை வெளிப்படக் கூறவேண்டும். குறியினாற் பொருள் துணியப்படாதவிடத்துக் கிளந்து கூறுக என்னும் பழைய விதிக்கே சி++ நியமக் குழுவும் வந்து சேர்ந்தது.

மறைக்கப்படுவது உடைமை மாற்றம் மாத்திரமன்று, உழைப்பும் மறைக்கப்படுகின்றது. அ, ஆ என்பன நிறைவெண்களாயின் 'அ * ஆ' ஒரு பெருக்கல். அவை ஆயிரம் நிரையும் ஆயிரம் நிரலும் கொண்ட தாயங்களாயின், வழமையான முறையில் அதே வரி 100 கோடிப் பெருக்கல்களைக் குறிக்கும். தாளிலே மூன்று எழுத்துருக்கள். பொறியிலே வேறொரு பரிமாணம். பண்டத்தின் விலைச்சீட்டு அதனை ஆக்கிய உழைப்பைக் காட்டாதவாறு, குறியும் தன் பின்னாலுள்ள வேலையைக் காட்டுவதில்லை.

5

இக்குறைபாடுகளுக்குக் கூறப்பட்ட ஒரு தீர்வு, தடை. 1995இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஜாவா மொழியிலே செய்நிரலாளர் குறிகளுக்குப் பொருள் வகுக்க இயலாது. சி++ மொழியிலே இவ்வுரிமை தவறாகப் பயன்படுத்தப்பட்டதைக் கண்டே அதனை விலக்கியதாக ஜாவாவை ஆக்கிய ஜேம்ஸ் கொஸ்லிங் விளக்கமளித்துள்ளார். 2009இல் வெளிவந்த கோ மொழியும் இவ்வழியையே பின்பற்றிற்று.

இத்தடையின் இயல்பை நுணுகி நோக்கவேண்டும். ஜாவா மொழியே எழுத்துச்சரங்களுக்கென '+' குறியைச் சுமையேற்றியிருப்பதை மேலே கண்டோம். ஆகவே அங்கு சுமையேற்றம் ஒழிக்கப்படவில்லை. அவ்வுரிமை மொழியை ஆக்கியவர்களுக்கு மட்டுமென ஒதுக்கப்பட்டது. இதன் விளைவை வங்கிக் கணக்குகளுக்கான செய்நிரல்களிற் காணலாம். பணத்தைத் துல்லியமாகக் கணிப்பதற்குரிய தசம எண் வகுப்பு ஜாவாவில் உண்டு. ஆனால் அதனைப் பயன்படுத்துவோர் ஒவ்வொரு கூட்டலையும் பெயர்சொல்லி அழைக்கவேண்டும். துல்லியமற்ற மிதவை எண்ணுக்கோ '+' குறி இலகுவாகக் கிடைக்கின்றது. குறியின் வசதி தவறான பக்கத்துக்கே ஊக்கமளிக்கின்றது.

இரண்டாவது தீர்வு, உரிமையை ஒப்பந்தத்தோடு வழங்குவது. 1989இல் பிலிப் வோட்லரும் ஸ்டீபன் பிளொட்டும் முன்வைத்து, ஹஸ்கெல் மொழியிலே நடைமுறைக்கு வந்த வழியில், ஒரு குறிக்குப் பொருள் வகுக்க விரும்பும் வகை, அக்குறிக்குரிய தொகுதியில் தான் உறுப்பாக இருப்பதை வெளிப்பட அறிவிக்கவேண்டும். ரஸ்ட் மொழியும் இதனையொத்த முறையையே கொண்டுள்ளது. குறியின் கணித விதிகள் யாவற்றையும் தொகுப்பான் சோதிப்பதில்லை. அவற்றைக் காக்கும் பொறுப்பு எழுதுவோரையே சாரும். ஆயினும் சுமையேற்றம் தற்செயலான பெயரொற்றுமை என்னும் நிலையிலிருந்து, பகிரங்கமான உடன்படிக்கை என்னும் நிலைக்கு உயர்கின்றது.

மூன்றாவதாக, குறி போதாதவிடத்துப் புதுக்குறி காணுதல். பைதன் மொழியின் எண்கணிப்பு நூலகத்திலே '*' குறி தாயங்களின் ஒத்த உறுப்புக்களைத் தனித்தனியே பெருக்கும். கணிதத்திலே தாயப் பெருக்கம் எனப்படுவது வேறு. இரண்டும் பெருக்கல் என்றே பெயர்பெறுவதால் நெடுநாட் குழப்பம் நிலவிற்று. 2015இல் வெளிவந்த பைதன் 3.5 தாயப் பெருக்கத்துக்கென '@' குறியை ஒதுக்கியது. பயன்படுத்துவோர் மத்தியில் நிகழ்ந்த பகிரங்க விவாதத்தின் பின்னரே இம்மாற்றம் ஏற்பட்டது என்பது கவனத்துக்குரியது.

6

மார்க்ஸ் 1867இல் வெளியிட்ட 'மூலதனம்' முதற்பாகத்திலே, குறிப்பிட்ட அளவு லினன் துணி ஒரு மேற்சட்டைக்குச் சமம் என்னும் சமன்பாட்டை நீண்ட ஆய்வுக்குட்படுத்தினார். துணியும் சட்டையும் இயல்பில் வேறானவை. அவற்றுக்கிடையே சமன்குறி நிற்க வேண்டுமாயின், இரண்டிலும் பொதுவானதொன்று இருந்தாக வேண்டும். அப்பொதுமையை மனித உழைப்பிலே அவர் கண்டார். குறி பொதுமையை உண்டாக்குவதில்லை. இருக்கும் பொதுமையையே குறிக்கின்றது. இக்கருத்து எமது விடயத்துக்கும் பொருந்தும். பின்னத்துக்கும் நிறைவெண்ணுக்கும் '+' பொருந்துவது, இரண்டிடத்தும் கூட்டலின் விதிகள் மெய்யாகவே நிலவுவதனால். பொதுமை இல்லாதவிடத்துக் குறியை மாத்திரம் கொண்டுவந்து நிறுத்துவது, இல்லாத உறவை இருப்பதாகக் காட்டுவதாகும்.

இதன் மறுபக்கமும் உண்டு. கூட்டத்தகாதவற்றைக் கூட்ட மறுப்பதும் வகுப்பின் கடமையே. 1999 செப்டெம்பரில் நாசா நிறுவனத்தின் செவ்வாய்க் காலநிலை ஆய்வுக்கலம் அழிந்தது. தரையிலிருந்த செய்நிரலொன்று உந்துவிசைத் தாக்கத்தை இறாத்தல்-செக்கனிலே தர, அதனைப் பெற்ற செய்நிரல் நியூற்றன்-செக்கன் எனக் கொண்டமையே காரணமாகக் கண்டறியப்பட்டது. எண்கள் அலகிழந்து வெறும் அளவுகளாகக் கைமாறின. அளவும் அலகும் இணைந்த வகுப்பொன்றிலே, வேற்றலகுகளுக்கிடையே '+' குறி வருமாயின் தொகுப்பான் அதனை ஏற்க மறுக்குமாறு செய்யலாம். கோப்புக்களின் வழியாகக் கைமாறும் எண்களுக்கு வகுப்பு மாத்திரம் காவலாகிவிடாது என்பது மெய்யே. எனினும் பண்பினை அளவினின்றும் பிரித்தெறிந்தால் நேரும் கேட்டினை இந்நிகழ்ச்சி நன்கு உணர்த்துகின்றது.

சோவியத் மொழியியலாளர் வொலொஷினொவ் 1929இல், குறியானது வர்க்க முரண்பாடுகள் மோதும் களம் என எழுதினார். கூட்டற்குறி முதலாளித்துவத்துக்குரியது என்று இதிலிருந்து முடிவுகட்டுவது சிறுபிள்ளைத்தனம். ஆனால் குறிக்குப் பொருள் வகுப்பவர் யார், அப்பொருளை அறியும் வாய்ப்பு யாருக்கு உண்டு, அறியாமையின் சுமை யார்மீது விழுகின்றது என்னும் வினாக்கள் இங்கும் உயிருள்ளவை. செய்நிரலை ஒருமுறை எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விடுகின்றார். அதனைப் பல ஆண்டுகள் பேணித் திருத்துபவர் வேறொருவர். பெரும்பாலும் குறைந்த ஊதியமும் குறைந்த அதிகாரமும் உடையவர். எழுதியவரின் சாதுரியத்துக்கு விலைகொடுப்பவர் இவரே. எனவே குறிச்சுமையேற்றம் தனிமனித இரசனையின்பாற்பட்டது என்னும் வாதம் ஏற்கத்தக்கதன்று.

தொகுத்துக் கூறுவதாயின், குறியின் பழைய விதிகள் புதிய வகையிலும் நிலவுமிடத்துச் சுமையேற்றம் நன்று. அது கணிதத்தின் பொதுச்சொத்தை எல்லோர்க்கும் மீட்டளிக்கின்றது. உடைமை மாற்றத்தையோ பெருஞ்செலவையோ குறி மறைக்குமிடத்துப் பெயர்சொல்லி எழுதுவதே நேர்மை. தடை விதித்தலால் பிரச்சினை தீராது. அது பொருள்வகுக்கும் அதிகாரத்தைச் சிலர்பால் ஒதுக்கிவிடுகின்றது. நிகோர்ட் உலோகத் தொழிலாளர்க்காக வேண்டிநின்றதும் இதனோடு தொடர்புடையதே: பொறியோடு வாழவேண்டியவர்கள் பொறியின் மொழியை வாசிக்கவும் வினாவவும் திருத்தவும் உரிமையுடையவர்கள். மொழியையும் குறியையும் ஆராயும் எமது துறையினர், இவ்விவாதத்தைக் கணனித் துறையினரது உள்வீட்டு விவகாரமென ஒதுக்கிவிடாது, தமக்குரிய ஆய்வுப்பொருளாகக் கொள்ளல் வேண்டும்.